எங்கள் வீட்டுக்கு இங்கிலீஷ் வந்த வழி

உனக்கு வேறு வேலையே இல்லையா? அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. நீ என்னடாவென்றால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "ஏன் அத்தை, எல்லாத்தையும் நம்ம ஊர்ப் பேச்சுல சொல்றீங்க, மிளகாயை மட்டும் கிரீன் மிளகான்றீங்க?" என்று கேட்கிறாய். நீ பட்டம் வாங்கினவள். நான் அஞ்சாவதோடு நின்றவள். இங்கிலீஷுக்கு அர்த்தம் என்னிடம் கேட்கிறாயே, வெட்கமாக இல்லை? அதுவும் கட்டின புருஷனை, என் மகனை, தெருவுக்கே கேட்கும்படி பேர் சொல்லிக் கூப்பிடுகிற வாய் உன்னுடையது. அந்த வாய்க்கு இந்தக் கதை எதற்கு? விடு என்றால் விடமாட்டாய். சரி, முதலில் அடுப்பை அணை. கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று என்னிடம் மூக்கைச் சிந்தக் கூடாது.

கிரீனுக்கு முன்னால் வந்தது ஒயிட். அந்தச் சொல் எந்தச் சீமையில் பிறந்தது, எத்தனை தேசம் சுற்றி வந்தது என்று உன் புத்தகங்களில் எழுதியிருக்கும். எங்கள் வீட்டுக்கு அந்தச் சொல் என் தாத்தாவால் வந்தது. தாத்தாவுக்கு ஓர் எழுத்து இங்கிலீஷ் தெரியாது. தமிழிலேயே கைநாட்டுதான். ஆனாலும் அவரில்லாவிட்டால் எங்கள் வீட்டில் அந்தச் சொல் நுழைந்தே இருக்காது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம். வாழ வந்த பெண் புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும். மாமனார், கொழுந்தன் பெயர்களையும் சொல்லக் கூடாது. அது மரியாதை. பெயரைச் சொல்லாமல் காலத்தை ஓட்டிவிடலாம், அதில் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு சாதாரணச் சொல் உட்கார்ந்திருந்தால் அதையும் சொல்லக் கூடாது. அங்கேதான் வம்பு.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு அம்மா வாழ வந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. தாத்தாவின் பெயர் வெள்ளையில் தொடங்கும். சித்தப்பாவின் பெயர் பாலில் தொடங்கும். அப்பாவின் பெயர் பச்சையில் தொடங்கும். மீதி எழுத்துகளை நீயே போட்டுக்கொள். இப்போதும் முழுதாகச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வந்த பத்தாம் நாள் துணி துவைக்க உட்கார்ந்த அம்மா, வீட்டுக்குள் இருந்த அப்பாவிடம் ஒரு வேட்டியைக் கேட்டாளாம்.

"அந்த வேட்டிய எடுத்துப் போடுங்க."

"எந்த வேட்டி?"

"அதாங்க, அந்தக் கலரு வேட்டி."

"எந்தக் கலரு?"

வெள்ளை என்று சொன்னால் மாமனார். பால் நிறம் என்று சொன்னால் கொழுந்தன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாடு கறக்குமே, அந்தக் கலரு" என்றாளாம். அப்பா விழுந்து விழுந்து சிரித்தாராம். நான் பிறந்து பேசக் கற்ற பிறகும் இதை என்னிடம் நூறு தடவை நடித்துக் காட்டியிருக்கிறார்.

எங்கள் ஊரின் மேலத் தெருவில் கன்னடம் பேசுகிற குடும்பங்கள் உண்டு. அம்மா முதலில் அவர்களிடமிருந்து பாலுக்கு ஒரு சொல்லை வாங்கிவந்து புழங்கிப் பார்த்தாள். தாத்தா முகத்தைச் சுளித்தார். "நம்மூட்ல எதுக்கு அவுங்க பேச்சு?" என்றார். தாத்தாவுக்கும் மேலத் தெருவுக்கும் ஒரு வரப்புத் தகராறு நெடுநாளாக இருந்தது. இங்கிலீஷ்காரனோடு தாத்தாவுக்கு வரப்பு எதுவும் இல்லை. அதனால் அந்தப் பேச்சின்மேல் பகையும் இல்லை.

அப்பா பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் லோடு ஏற்றுகிறவர். கூடைகளை லாரியில் ஏற்றி, கூடவே போய், பெங்களூர், சேலம் மார்க்கெட்டுகளில் இறக்கிவிட்டு வருவார். அங்கே தக்காளி வாங்க வருகிற, இங்கிலீஷ் தெரிந்த ஓட்டல்காரர்களிடம் அவர் வார்த்தை கேட்பாராம். "வெள்ளைக்கு இங்கிலீஷ்ல என்னங்க?" என்று கேட்டு, சிகரெட் அட்டையில் தமிழில் எழுதிக்கொள்வார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்து அவரே படித்துக் காட்டுவார். மற்ற வீடுகளில் புருஷன்மார்கள் மிக்சர் வாங்கி வருவார்கள். எங்கள் வீட்டுக்கு ஒயிட் வந்தது. அடுத்த வாரம் மில்க் வந்தது. மூன்றாவதாக, அப்பாவே தன் பெயரை உடைத்து, அதற்குள் இருந்த நிறத்துக்கும் ஒரு சொல் வாங்கி வந்தார். அதுதான் கிரீன்.

"என் பேரத்தான் சொல்ல மாட்டே. இதையாச்சும் சொல்லு, கேக்கறேன்" என்றாராம். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாளாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கிரீன் மிளகாய், கிரீன் பயிறு, கிரீன் மாங்காய். நான் அந்த வீட்டில் பேசக் கற்றவள். எனக்கு வேறு சொல் எங்கிருந்து வரும்?

எங்கள் வீடு மட்டுமில்லை, தெருவே அப்படித்தான். பக்கத்து வீட்டு அக்காவின் புருஷனுக்கு மணி என்று பெயர். அவள் "இப்ப டைம் என்னடி?" என்று கேட்பாள். கோயிலில் மணி அடித்தால் "பெல்லு அடிக்குது" என்பாள். அந்த ஒரே மனுஷனால் தெருவுக்கு இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் கிடைத்தன. வேறு பிரயோசனம் அவரால் கிடையாது. அந்த அக்காவை நாங்கள் டைம் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

இதுவரை சிரித்தாய் அல்லவா? இதோடு நிறுத்திக்கொள் என்றாலும் நீ கேட்கப் போவதில்லை.

எனக்குப் பத்து வயது, அஞ்சாம் வகுப்பு. டைம் அக்காவுக்கு இரண்டு பெண்கள். அவர்களும் நானும் ஒரு பந்தயம் கட்டினோம். என் அம்மாவின் வாயிலிருந்து பச்சை என்ற சொல்லை வரவழைத்துவிட வேண்டும். அன்று மத்தியானம் முழுக்க அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கிளி என்ன கலர் என்றேன். "கிரீன்." முருங்கை இலை? "கிரீன்." நம் ரேஷன் கார்டு? "போடி அந்தாண்ட, வேலை கெடக்குது."

கடைசியில் வீட்டுக்குப் பின்னால் ஓடிப்போய், சாணிக்குழி ஓரத்தில் நின்றுகொண்டு அலறினேன்.

"அம்மா! பாம்பு! பாம்பு!"

அம்மா அடுப்புக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். முந்தானை அவிழ்ந்து தரையில் இழுபட்டது. "எங்கடி? கடிச்சிடுச்சா? என்ன பாம்புடி?"

"தெரியல. செடி மேல தொங்குது."

"பச்சப் பாம்பா?"

அவ்வளவுதான். டைம் அக்காவின் பெண்கள் இருவரும் வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்து குதித்து வந்தார்கள். "சொல்லிட்டாங்க! சொல்லிட்டாங்க!" நானும் குதித்தேன். பந்தயம் ஜெயித்த சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கட்டையைக் கீழே போடக்கூட மறந்து நின்றிருந்தாள். அப்புறம் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சத்தம் கேட்டு வந்த டைம் அக்கா விஷயத்தைக் கேட்டதும் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அடிப் பாவிங்களா! இன்னிக்கு லோடுக்குப் போற ஆளுடி. இன்னிக்குன்னு பாத்தா அந்தச் சொல்லு வாயில வரணும்?"

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கும் அதோடு முடிந்திருக்கும்.

சாயங்காலம் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக் கிளம்பினார். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்குப் போவாதீங்க."

"ஏன், என்ன விசேசம்?"

"சும்மாதான். நாளைக்குப் போங்களேன்."

"நாளைக்குப் போனா தக்காளி இருக்காது, ரசந்தான் இருக்கும்."

அம்மா காரணத்தைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போய், "அப்பா, அம்மா உம் பேரச் சொல்லிடுச்சு" என்றேன்.

அப்பா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் அப்படி மலர்ந்ததை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"நெசமாவா? முழுசாவா சொன்னா?"

"பாதிதான்."

"பாதி வந்துச்சின்னா மீதியும் வரும். பதினோரு வருசமா காத்துக் கெடக்கறேன்." அம்மா பக்கம் திரும்பி, "சேலத்துல லோடு எறக்கிட்டு வந்துடறேன். வந்து எதிர்ல ஒக்காந்து கேக்கறேன், சொல்லணும்" என்றார்.

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சரக்கு வாங்கி வந்த மளிகைக் கடைக்காரர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். சேலம் போகிற வழியில், தொப்பூர் கணவாயில் பாலக்கோட்டுத் தக்காளி லாரி ஒன்று கவிழ்ந்து கிடக்கிறதாம். "ரோடு பூராம் செவப்பும்மா. பயந்துடாதே, தக்காளிதான். ஆளுங்கள டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்கன்னு பேசிக்கிட்டாங்க. எந்த லாரின்னு தெரியல" என்றார்.

தாத்தா அப்போது ஒரு பக்கம் கைகால் விழுந்து கட்டிலோடு கிடந்தார். சித்தப்பா ஓசூருக்கு வேலைக்குப் போயிருந்தார். அம்மா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். என்னை ஏன் கூட்டிப்போனாள் என்று எனக்குத் தெரியும். ரேஷன் கடையோ பள்ளிக்கூடமோ, அம்மா எங்கே போனாலும் நான் கூடப் போவேன். புருஷன் பேர் என்ன என்று யாராவது கேட்டால் அதைச் சொல்ல ஒரு வாய் வேண்டும். அந்த வாய் நான்.

பஸ்ஸில் நான் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். அம்மா பாதிப் பெயரைச் சொன்னாள், லாரி கவிழ்ந்தது. சொல்ல வைத்தது நான். பத்து வயதுக் கணக்கு அவ்வளவுதான், அதில் எங்கேயும் பிசகு தெரியவில்லை. பாதிப் பெயருக்கு லாரி கவிழ்ந்தால் முழுப் பெயருக்கு என்ன ஆகும் என்று யோசித்தபோது பஸ்ஸுக்குள்ளேயே எனக்குக் குளிர் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒருவர், அவர் முன்னால் பெரிய நோட்டு. எங்களுக்கு முன்னால் நீளமாக வரிசை. எங்கள் முறை வந்தபோது அம்மா, "லாரி கவுந்துச்சின்னாங்க" என்றாள்.

அவர் நல்ல மனிதர்தான். நிமிர்ந்து பார்த்துப் பதமாகத்தான் பேசினார். "தொப்பூர் கேஸாம்மா? மூணு பேரு வந்திருக்காங்க. ரெண்டு பேரு வார்டுல. ஒருத்தரு மார்ச்சுவரில."

அம்மாவுக்கு அந்தச் சொல் தெரியாது. அது அப்பா கொண்டுவந்து கொடுக்காத சொல். பின்னால் நின்ற ஒரு பெண்ணிடம் திரும்பி, "மார்ச்சுவரின்னா என்னங்க?" என்று கேட்டாள். இங்கிலீஷில் புதிதாக எது கேட்டாலும் கொஞ்சம் ஆசையோடுதான் அவள் அர்த்தம் கேட்பாள். பழக்கம். அதே குரலில்தான் அப்போதும் கேட்டாள்.

அந்தப் பெண் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அம்மாவின் காதருகே குனிந்து, "பொணம் வெக்கற ரூமுங்க" என்றாள்.

அம்மாவின் கை என் தோளில் இருந்தது. அந்தக் கை திடீரென்று கனத்தது.

"பேரச் சொல்லும்மா, பாக்கறேன்" என்றார் ஜன்னல்காரர்.

அம்மா என்னை லேசாக முன்னால் தள்ளினாள். "உங்கப்பா பேரச் சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அப்பா அந்த ரூமுக்குப் போய்விடுவார் என்று அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவர் இப்போது எந்த ரூமில் இருந்தாலும் சரி, நான் சொன்னதும் அங்கே போய்விடுவார். ஆனால் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பெரியவர்கள் இரண்டு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருவர் சாக வேண்டும் என்றால் யார் செத்தால் பரவாயில்லை என்று தேடினேன். எங்கள் கணக்கு வாத்தியார் நினைவுக்கு வந்தார். முந்தின வாரம்தான் பதினாறாம் வாய்ப்பாட்டுக்காக என் முட்டியைப் பெயர்த்திருந்தார்.

"ராமலிங்கம்" என்றேன்.

ஜன்னல்காரர் நோட்டில் விரலை ஓட்டினார். "ராமலிங்கமா?" அம்மாவைப் பார்த்தார். "ராமலிங்கந்தானேம்மா?"

நான் அம்மாவை அண்ணாந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எழுத்துத் தெரியாதவள், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் மாதிரி. வரிசையில் யாரோ "சீக்கிரங்க" என்றார்கள்.

"ம்" என்றாள் அம்மா.

"அப்படின்னா இல்லம்மா. லாரி கேஸ்ல அந்தப் பேரே கெடையாது. உங்க வூட்டுக்காரரு வேற லாரியா இருக்கும். நிம்மதியாப் போங்க."

போனோம். பஸ் ஸ்டாண்டில் அம்மா எனக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கித் தந்தாள். தானும் டீ குடித்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம், கேட்காமலேயே, "எங்கூட்டுக்காரரு பேரு லிஸ்ட்டுலயே இல்லீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னாள். வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னாள். டைம் அக்காவிடம் சொன்னாள். லிஸ்ட் என்பது எங்கள் வீட்டுக்கு அன்றைக்குத்தான் வந்த சொல். வந்த அன்றே பத்துத் தடவை புழங்கிவிட்டாள். சாயங்காலம் அரிசி ஊறப்போட்டு இட்லிக்கு ஆட்டினாள். லோடு முடிந்து வருகிற நாளில்தான் எங்கள் வீட்டில் இட்லி. மறுநாளும் அப்பா வரவில்லை. சேலத்திலேயே வேறு லோடு கிடைத்திருக்கும் என்றாள். யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

அதற்கும் மறுநாள் காலையில் மண்டியிலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் வந்தார். வாசலிலேயே நின்று, "என்னம்மா, ஆஸ்பத்திரிப் பக்கம் ஒருத்தரும் வரலியாமே?" என்று கேட்டார்.

அப்பா இரண்டு நாள் அந்த ஆஸ்பத்திரி வார்டில் இருந்திருக்கிறார். மார்ச்சுவரியில் இருந்தது டிரைவர். அப்பாவின் பெயரை, முழுப் பெயரையும், கூட இருந்த கிளீனர் சொல்லி அந்த நோட்டில் எழுதியிருக்கிறார்கள். ராமலிங்கம் என்ற பெயரைத் தேடி ஜன்னல்காரர் விரலை ஓட்டியபோது அந்த விரல் அப்பாவின் பெயரைத் தாண்டித்தான் போயிருக்கும். சைக்கிள்காரர் வந்து சேர்ந்த அன்று விடியற்காலையில் அப்பா போய்விட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். தெருப் பெண்கள் எல்லாரும் அவர் பெயரைச் சொல்லி அழுதார்கள். அம்மா சொல்லவில்லை. "இனிமே என்னடி ஆயுசு கொறையப் போவுது, வாய் நெறையச் சொல்லி அழுதுடு" என்று டைம் அக்கா அவளைப் பிடித்து உலுக்கினாள். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். எதிரில் உட்கார்ந்து அந்தப் பெயரைக் கேட்க வேண்டியவர் கேட்கிற நிலையில் இல்லை.

காரியம் முடிந்து என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நான் பயந்துகொண்டே போனேன். புங்க மரத்தடியில் ராமலிங்கம் வாத்தியாரின் சைக்கிள் எப்போதும்போல் சாய்ந்திருந்தது. அவர் உள்ளே உயிரோடு உட்கார்ந்து பிரம்பைச் சீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பிரம்பைக் கீழே வைத்துவிட்டு, கிட்டே கூப்பிட்டுத் தலையில் கைவைத்தார். அந்தக் கை சூடாக இருந்தது. பெயரைச் சொன்னால் யாரும் சாவதில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. அப்படியானால் ஜன்னலுக்கு முன்னால் நான் செய்தது என்ன என்பதும் அதே நிமிஷத்தில் தெரிந்துபோனது. புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தவள்தான், திரும்பப் போகவில்லை. அப்பா இல்லாத பெண், வயல் வேலைக்குப் போய்விட்டாள் என்று ஊர் நினைத்தது. அப்படியே இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். உன் புருஷனுக்கும் இதுவரை அப்படித்தான் தெரியும்.

ஒரு மாதம் கழித்து அந்தக் கிளீனர் வந்தார். சின்ன வயசுக்காரர், கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு, அப்பாவின் துண்டைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவருக்கு என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்றெல்லாம் தெரியவில்லை.

"பக்கத்துக் கட்டில்லதான் படுத்திருந்தேனுங்க. அண்ணனுக்கு நல்லா நெனப்பு இருந்திச்சி. யாரு உள்ள வந்தாலும் தலையத் தூக்கி வாசலப் பாப்பாரு. 'வூட்ல சேதி தெரியாது போல'ன்னு சொல்லிட்டே இருந்தாரு."

பிறகு டைம் அக்கா மெதுவாக அம்மா பக்கம் திரும்பினாள். "கவுந்த மறுநாளே நீ போயிட்டு வந்தியே? பேரு லிஸ்ட்டுல இல்லன்னியே? எப்படி இல்லாமப் போச்சி?"

நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராமலிங்கம் வாத்தியாரை அவளுக்கு நன்றாகத் தெரியும். போன தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு முருங்கைக்காய் கொண்டுபோய்க் கொடுத்தவளே அவள்தான். ஜன்னலுக்கு முன்னால் நான் சொன்னது அவள் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. இப்போது என் பெயரைச் சொல்லப் போகிறாள், அந்த நாலைந்து பேரும் உள்ளே வந்து என்னைப் பிய்க்கப் போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அம்மா சொன்ன பதில் சாகும்வரை அவள் தலைமேல் கிடந்தது. கல்யாண வீடுகளில் அவளைக் காட்டி இளம்பெண்களுக்குச் சொல்வார்கள். சொல்லக் கூடாததைச் சொன்னவள், சொன்னதையும் தப்பாகச் சொன்னவள் என்று இரண்டு குற்றம். அவள் ஒரு நாளும் மறுக்கவில்லை. என்னிடம் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. எனக்கு அடி விழாமல் காப்பாற்றத்தான் அம்மா பொய் சொன்னாள் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். கதவுக்குப் பின்னாலேயே சத்தமில்லாமல் சிரித்தேன்கூட. ஜன்னல்காரர் சரிதானே என்று கேட்டபோது அவள் ஏன் 'ம்' என்றாள் என்று யோசிக்கிற வயது எனக்கில்லை. லிஸ்ட்டில் இல்லை என்ற ஒரு சொல்லைக் கேட்பதற்காக ஒருத்தி எதையும் ஒப்புக்கொள்வாள் என்று தெரிகிற வயதும் இல்லை.

அம்மா கிளீனரிடமிருந்து துண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு டைம் அக்காவையும் மற்றவர்களையும் நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"பேரு கேட்டாங்க. புள்ள பயந்துகிட்டு வாயே தொறக்கல. நான்தான் சொன்னேன். சொல்லிப் பழக்கமில்லாத வாயி பாரு, மாத்திச் சொல்லிட்டேன்."